பெரியப்பா எலெக்‌ஷனில் நின்றால்

குழு: செங்கோட்டை வீட்டார்

அக்கா: விஸ்கான்சின் மாநிலத்தில் மாரினெட் என்ற ஊருக்கு வந்திருக்கிறோம். ஆற்று நடுவில் ஸ்டீபன்சன் தீவு. மரவெட்டுத் தொழிலுக்கென்றே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். உங்களைத்தான் நினைத்தேன் பெரியப்பா.
📷 படம்

பெரியப்பா: கட்டைத் தலையில் என்ன குத்தியிருக்கிறது?

அக்கா: சொந்தக்காரர் முத்திரை. அந்தக் காலத்தில், குளிர்காலத்தில் பைன் மரத்தை வெட்டிக் குவித்து, பனி உருகியதும் ஆற்றில் தள்ளிவிடுவார்களாம். எல்லார் கட்டையும் கலந்து வரும். கீழே மறித்து, முத்திரை பார்த்துப் பிரிப்பார்கள். அப்படிப் பிரித்துக் கொடுத்த கம்பெனிக்குத் தலைவர் ஐசக் ஸ்டீபன்சன்.

பெரியப்பா: சுத்தியல் முத்திரை இல்லாத தேக்கை நானும் தொடமாட்டேன். ஆனால் அவருக்கு லாரி வாடகை மிச்சம்!

மாமா: அவர் அரசியல்வாதி இல்லையா?

அக்கா: இரண்டும்தான் மாமா. 1829இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். இங்கே மில் வைத்துப் பெரிய ஆளாகி, 1883இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் போனார். 77 வயதில் மேலவை உறுப்பினர், அதாவது செனட்டர்.

பெரியம்மா: 77ஆ! இங்கே ஒருவருக்கு 64இலேயே கவுன்சிலர் ஆசை வந்திருக்கிறது.

நான்: 😂😂

அக்கா: அடுத்ததைக் கேளுங்கள். 1908இல் கட்சி வேட்பாளர் தேர்வுக்கு மட்டும் 1,07,793 டாலர் செலவழித்தார்.

பெரியப்பா: செனட்டர் சம்பளம்?

அக்கா: அப்போது வருடம் 7,500.

பெரியப்பா: ஆறு வருடத்துக்கு 45,000. ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு 45,000 எடுப்பது என்ன வியாபாரம்?

மாமா: சம்பளத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறீர்களே அத்தான், நீங்கள் அரசியலுக்கு ஆகமாட்டீர்கள்.

அக்கா: இந்தச் செலவைச் செனட்டும் விசாரித்தது மாமா. 1912இல் 40க்கு 34 ஓட்டில் பதவி தப்பியது. அதுவரை செனட்டரை முடிவுசெய்தது மாநிலச் சட்டமன்றம். மறு வருடமே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும்படி அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்படிப்பட்ட விவகாரங்களும் அதற்கு ஒரு காரணம்.

நான்: பக்கத்தில்தானே பெஷ்டிகோ என்ற ஊர்?

அக்கா: ஆமாம். 1871இல் காட்டுத்தீயில் ஊரே போனது, ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதே இரவில் சிகாகோவும் எரிந்ததால் பேச்செல்லாம் சிகாகோவைப் பற்றித்தான். பெஷ்டிகோ மில்லிலும் ஸ்டீபன்சனுக்குப் பங்கு உண்டு.

பெரியப்பா: தீயைப் பற்றிப் பேசாதே அம்மா. மில்லில் மரத்தூள் மலைபோலக் கிடக்கிறது.

அக்கா: சரி, நல்லதும் சொல்கிறேன். மாரினெட் ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுத்திருக்கிறார். இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பெரியம்மா: இவரும் நூலகமே கட்டட்டும். டிப்போவில் மிஞ்சிய பலகை போதும்.

பெரியப்பா: மிஞ்சிய பலகை எங்கே இருக்கிறது? போன மாதம் பரண் அடிக்க நீதானே எடுத்தாய்!