பாய்மரப் படகிலேயே குடியிருந்து கொச்சியிலிருந்து தூத்துக்குடி வரை: நடக்கிற காரியமா?

பாளையங்கோட்டை வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 47. துபாயில் 18 வருடம் ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்துவிட்டேன். மகள் சென்னையில் படிக்கிறாள், வீட்டில் நானும் மனைவியும்தான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கொச்சி போயிருந்தபோது போல்காட்டித் தீவு மரினாவில் (உல்லாசப் படகுகள் கட்டி நிற்கும் துறை) ஒரு வெளிநாட்டுத் தம்பதியைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும், 34 அடிப் பாய்மரப் படகில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறார்களாம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அடுப்பு, படுக்கை, புத்தக அலமாரி, சின்னதாக ஒரு கழிப்பறை, எல்லாம் நம் வீட்டு அடுக்களை அளவு இடத்துக்குள் அடங்கியிருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

சின்ன வயதில் தாத்தா என்னைத் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளைக் காட்டுவார். அந்தப் பாய்களை நான் மறக்கவே இல்லை.

திட்டம் இதுதான். 32 அல்லது 34 அடியில் பழைய படகு ஒன்றை வாங்கி, கொச்சியில் கிளம்பி, குமரி முனையைச் சுற்றி, உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் என்று ஒவ்வொரு ஊர் முன்னாலும் பத்து நாள் நங்கூரம் போட்டுத் தங்கி, மெதுவாகத் தூத்துக்குடி வந்து சேர வேண்டும். ஒரு வருடம் படகுதான் வீடு. எந்த மாதம் கிளம்பலாம்? தண்ணீருக்கும் கரண்டுக்கும் என்ன செய்வது? மனைவிக்கு நீச்சல் தெரியாது, மாஞ்சோலை மலைக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டும். ஆனாலும் வருகிறேன் என்கிறாள். இதில் அனுபவம் உள்ளவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

நாங்குநேரி டூ லங்காவி:

அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரி. மலேசியாவில் வேலை பார்த்து, அப்புறம் நானும் மனைவியும் 36 அடிப் படகில் நாலு வருடம் அங்குள்ள லங்காவித் தீவிலும் அதைச் சுற்றியும் குடியிருந்தோம். உங்கள் கேள்வியைப் படித்ததும் அன்று வேலை ஓடவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படகு வாங்குவதற்கு முன்னால் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் பாடத்திட்டத்தில் காம்பிடென்ட் க்ரூ (படகில் கூட வேலை செய்யும் ஆளுக்கு), டே ஸ்கிப்பர் (படகை நடத்தும் ஆளுக்கு) என்று இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஐந்து நாள், படகிலேயே தங்கிப் படிக்கலாம். இரண்டு பேருமே படியுங்கள். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பி வந்து தூக்க வேண்டியவர் உங்கள் மனைவிதான்.

வாங்கும்போது உங்கள் செலவில் உங்கள் ஆளை வைத்துச் சோதித்து வாங்குங்கள். எங்களுக்குப் படகு விற்ற தரகர், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் போன வருடம் மாற்றியது என்றார், நாங்களும் நம்பினோம். மூன்றாம் மாதம் நடுக்கடலில் ஒரு கம்பி இழை இழையாகப் பிரிந்து நின்றது. உப்புக் காற்றில் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடுக்கில்தான் ஆரம்பிக்கும். மரம் சாயாமல் கரை சேர்ந்தது அன்று காற்று இறங்கியதால்தான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொட்டி 300 லிட்டர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று கணக்கு வைத்தோம், குளியல் உட்பட. உடம்பைக் கடல் தண்ணீரில் கழுவிவிட்டுக் கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வைக்கலாம், ஆனால் எண்ணெய் மிதக்கிற துறைமுகத்துக்குள் அதை ஓட்டினால் உப்பை வடிகட்டும் சவ்வு போய்விடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டாலும் கெட்டுவிடும். சுத்தமான வெளிக்கடலில் ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கரண்டுக்கு மேலே சோலார், கீழே லித்தியம் பேட்டரி. அதில் பெரும்பங்கைத் தின்பது பிரிட்ஜ்தான், வெக்கையான கடலில் அது நிற்காமல் ஓடும். இங்கே உங்கள் தொழில் கைகொடுக்கும் அண்ணாச்சி. மரினாவில் பிரிட்ஜ் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கும் கிடையாது, நான் கண்ணால் பார்த்தது.

சூடான தண்ணீரில் இன்னொரு தொல்லை, படகின் அடியில் சிப்பியும் பாசியும் வேகமாக ஒட்டும். வருடம் ஒரு முறை கரையேற்றிச் சுரண்டி வண்ணம் அடித்தோம், நடுவில் மாதம் ஒரு முறை நானே முங்கித் தேய்த்தேன். விட்டால் வேகம் பாதியாகிவிடும்.

லங்காவியிலிருந்து தாய்லாந்தின் பூக்கெட் 120 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் தீவு தீவாக இருப்பதால் பகலில் மட்டும் ஓட்டி ராத்திரி ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டுத் தூங்கலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று, கரைப் பக்கமிருந்து அடிப்பதால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். அந்த மாதிரி மறைவான இடம் நம் கரையில் எனக்குத் தெரிந்து இல்லை. உவரிக்காரர் யாராவது இருந்தால் அவர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். வெளியில் படகு வாங்கினால் அதோடு சாட்டிலைட் போன் வரும். துராயா, இரிடியம் போன்களை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் கைது வரை போகும். அதைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

உவரி வள்ளம்:

அண்ணாச்சி, நான் உவரிதான். பத்து வருடம் வள்ளத்தில் கடல்தொழிலுக்குப் போயிருக்கிறேன், அப்பா இன்னும் போகிறார்.

முதலில் தங்குவதைப் பற்றி. கூட்டப்புளியிலிருந்து மணப்பாடு வரைக்கும் கரை திறந்த கரை. நாங்கள் வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றுகிறோம், அதற்கே அலை விடுவதில்லை, அதனால்தான் ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் கல் சுவர்) கேட்டுப் போராடுகிறோம். உங்கள் படகுக்கு அடியில் ஆறடி ஆழத்துக்குக் கனமான கட்டை தொங்கும், கரைக்குப் பக்கத்திலேயே வர முடியாது. வெளியே நாலைந்து பாகத் தண்ணீரில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) நங்கூரம் போட்டால் ராத்திரி முழுக்கப் படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டே கிடக்கும். கடல் நன்றாக இருக்கும் நாளில் ஒரு ராத்திரி தங்கலாம், பத்து நாள் என்பதை நினைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சின்னமுட்டம் துறைமுகம் இருக்கிறது, ஆனால் அது விசைப்படகுகளால் நிறைந்த இடம், கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அங்கிருந்து தூத்துக்குடி சுமார் 60 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் என்றாலும் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். விடியக்காலம் மூன்று மணிக்குக் கிளம்பினால் பொழுது சாயும் முன் உள்ளே போய்விடலாம்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் கச்சான் (மேல்காற்று) அடிக்கும்போது இங்கே வராதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அதே காற்றுதான் முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிறது, அதே காற்றுதான் தேரிக்காட்டுச் செம்மணலை வாரி இறைக்கிறது, கடலில் அது வள்ளத்தையே வெளியே தள்ளிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் கொச்சியிலிருந்து குமரி வரை மேலைக் கடலும் கொந்தளித்துக் கிடக்கும். மார்கழி, தையில் வாடை (வடகிழக்குக் காற்று). கொச்சியிலிருந்து வருகிறவனுக்கு முனை திரும்பியதும் நேர் மூஞ்சியில் அடிக்கும், நீவாடும் (கடல் நீரோட்டம்) எதிரே வரும். மாசி பின்பாதியிலிருந்து பங்குனி முடிய வாடை தளர்ந்து, ராத்திரி கரைக்காற்று, மத்தியானம் கடல்காற்று என்று மாறி மாறி வரும். எனக்குத் தெரிந்து உங்களுக்கு அந்த ஒன்றரை மாதம்தான். சித்திரையில் காற்றே இல்லாவிட்டாலும் கள்ளக்கடல் வரும், எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை வெயில் அடிக்கும்போதே கரையில் ஏறிவிடும். கடல் நிலை பற்றி எச்சரிக்கும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பைத் தினமும் பாருங்கள்.

வலையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ராத்திரி விடும் வலை மைல் கணக்கில் மிதக்கும், அடையாளத்துக்கு ஒரு சின்ன விளக்கு இருக்கும், அதுவும் அலையில் மறைந்து மறைந்து தெரியும். படகைத் தள்ளும் உங்கள் எஞ்சின் விசிறியில் சுற்றினால் எஞ்சின் நிற்கும், எங்களுக்கு வலை போகும். வலை போனால் பல குடும்பத்துக்கு அந்த மாதச் சோறு போச்சு. வள்ளத்தைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, டார்ச் அடித்து, எந்தப் பக்கம் வலை என்று கையைக் காட்டிக் கேளுங்கள், எவனும் சொல்லாமல் இருக்க மாட்டான். தெரியாமல் அறுத்துவிட்டால் நின்று பேசிவிட்டுப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போது இழுவைப்படகு இருக்காது, ஆனால் நாங்கள் நாட்டுப்படகில் இருப்போம்.

கரையைப் பார்த்து இடம் பிடிப்பதை நாங்கள் கணியம் என்போம். கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் மகேந்திரகிரி மலையின் ஒரு முகட்டையும் நேர்கோட்டில் வைத்தால் இன்ன பார் (கடலடிப் பாறை) மேல் நிற்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரியும். உங்களிடம் ஜிபிஎஸ் இருக்கும், சரி, ஆனாலும் பழகி வையுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு முன்னால் கரையை ஒட்டி வர வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை இருக்கிற 21 தீவும் 1986இல் தேசியப் பூங்கா ஆனவை, அழகாக இருக்கிறதே என்று நங்கூரம் போட்டுவிடாதீர்கள், பவளப்பாறை நொறுங்கும், வழக்கும் வரும்.

2017 நவம்பர் 29 ராத்திரி ஒக்கிப் புயல். குமரி மாவட்டத்தில் அன்று கடலில் இருந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை படகு துறைமுகத்துக்குள் கட்டிக் கிடக்கட்டும், இதில் பேச்சே கிடையாது. கடலோரக் காவல் படையின் எண் 1554. படகில் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நாங்குநேரி டூ லங்காவி:

இது அவர் மனைவி எழுதுவது. அந்த அக்காவுக்காகத்தான்.

அக்கா, எனக்கும் முதல் மூன்று நாள் உயிர் போய் வந்தது. கிளம்புவதற்கு முன்னாலேயே மாத்திரை போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. கீழே போகாமல் மேல்தட்டில் உட்கார்ந்து, வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே சுக்கானைப் பிடியுங்கள். கையில் வேலை இருந்தால் பாதி குமட்டல் போய்விடும். நாலாம் நாள் நான் மீன்குழம்பு வைத்தேன்.

நீச்சல் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் பக்கம் யாரிடமாவது படித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். மேல்தட்டில் அணியத்திலிருந்து (முன்பக்கம்) அமரம் (பின்பக்கம்) வரை ஒரு பட்டை ஓடும், இடுப்பு வாரை அதில் கொக்கி போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். ராத்திரியில் கொக்கி போடாமல் நான் ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை.

சமையலுக்கு, படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கிற மாதிரி ஊஞ்சல் போலத் தொங்கவிட்டிருப்பார்கள். குக்கர் ஒன்று போதும். வெக்கையில் இட்லி மாவு நாலு மணி நேரத்தில் பொங்கி வழியும், அதனால் கொஞ்சமாக அரைத்து உடனே ஊற்றிவிடுவேன். வற்றல், வடகம், கருவாடு, கருப்பட்டி, புளி எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும். பச்சைத் தேங்காய் கிடைக்கிற கரையில் இறங்கினால் அன்று சொதி வைத்துவிடுவேன், பக்கத்துப் படகு ஜெர்மன்காரர்கள் பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள். கடினமானது எது என்றால், ஒரு சண்டை வந்தால் எழுந்து போக வேறு அறை கிடையாது. நானும் அவரும் முதல் ஆறு மாதத்தில் பேசிப் பழகியது, அதற்கு முந்தைய பத்து வருடத்தில் பேசாதது.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்து தில்னாவும், இரண்டு பேரும் கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபரில் தாரிணி என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டும்தான். அந்தச் செய்தியை என் அம்மாவுக்கு நாலு தடவை படித்துக் காட்டினேன். உங்கள் வீட்டில் யாராவது பயந்தால் நீங்களும் படித்துக் காட்டுங்கள்.

பாளையங்கோட்டை வாசி:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ராத்திரி மனைவியை உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். திட்டத்தை மாற்றிவிட்டோம். முதலில் வகுப்பு, அப்புறம் லங்காவிப் பக்கம் ஒரு சீசன் வாடகைப் படகில் இருந்து பார்ப்பது, சரிப்பட்டு வந்தால் சொந்தப் படகு. நம் கரைக்கு ஒரு பங்குனியில் வருவோம், தங்குவதற்கு இல்லாவிட்டாலும் தாத்தா நின்ற இடத்தைக் கடலிலிருந்து பார்த்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும், அதை மட்டும் விட முடியாது.

உவரித் தம்பி, அதற்கு முன்னால் உங்கள் வள்ளத்தில் ஒரு நாள் என்னை ஏற்றிக்கொள்வீர்களா? அப்பா கணியம் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

உவரி வள்ளம்:

தாராளமாக வாருங்கள் அண்ணாச்சி, அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மாசியில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போக மாட்டோம். திங்கள் ராத்திரி எங்கள் வீட்டில் படுத்துவிடுங்கள், செவ்வாய் விடியக்காலம் மூன்று மணிக்கு வள்ளம் தள்ளுவோம். செருப்பு வேண்டாம், முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரகிரி விடிந்ததும் ஒரு மணி நேரம்தான் தெளிவாகத் தெரியும், அப்புறம் மூடிவிடும்.