மாடியில் உள்ள மடிக்கணினியின் ஃபோல்டரைக் கீழ்த்தளக் கணினியில் திறக்க முடியவில்லை

கேள்வி (மதுரை, வடக்கு மாசி வீதி)

வணக்கம். தாத்தா காலத்து வீட்டின் கீழ்த்தளத்தில் திருமணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். கீழே விண்டோஸ் 10 டெஸ்க்டாப் இருக்கிறது. பிரிண்டர் அதில்தான் இணைந்துள்ளது. மாடியில் என் மகள் விண்டோஸ் 11 மடிக்கணினியில் பத்திரிகைகளை வடிவமைக்கிறாள். சுண்ணாம்புக் காரைச் சுவர்களைத் தாண்டி வைஃபை மேலே எட்டாததால், மாடிக்கென்று இரண்டாவது ரூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். மகள் பகிர்ந்துள்ள ஃபோல்டரைக் கீழிருந்து திறந்தால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று வருகிறது. மாடியிலிருந்து கீழ்க் கணினியைத் திறக்க முயன்றாலோ பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது; நான் தினமும் கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1 வசதியை இயக்கினால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு இயக்கியும் பயனில்லை. ஆவணி முகூர்த்த வேலை குவிந்துகிடக்கிறது. பென் டிரைவும் கையுமாகப் படியேறி இறங்கியே முழங்கால் தேய்கிறது.

மறுமொழி (திருமங்கலம்)

ஐயா, முதலில் எஸ்எம்பி 1-ஐ நிறுத்திவிடுங்கள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை நச்சுநிரல் அந்தப் பழைய வசதியிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. விண்டோஸ் 10-உம் 11-உம் தமக்குள் பேசிக்கொள்ள அது தேவையே இல்லை. அடுத்து, நீங்கள் சொன்னவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுக்கக் கூடாது. இரு கணினிகளிலும் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை இட்டு, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரிகளைத் தெரிவியுங்கள். மாடி ரூட்டருக்கு வரும் கேபிள் எந்தப் போர்ட்டில் செருகப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

கீழே 192.168.1.5, மேலே 192.168.0.101. கேபிள் ‘வான்’ என்று எழுதியிருக்கும் போர்ட்டில் இருக்கிறது.

மறுமொழி (திருமங்கலம்)

நான் நினைத்தது சரிதான். மூன்றாவது எண் வேறுபடுவதால், ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்குகள் உருவாகியுள்ளன. மாடிக் கணினி தன் ரூட்டரைக் கடந்து கீழே வந்துவிடும். கீழ்க் கணினிக்கோ அந்த ரூட்டருக்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. மேலிருந்து வரும்போது கடவுச்சொல் கேட்கும் இடம்வரையாவது வர முடிவதும், கீழிருந்து போகும்போது பாதையே கிடைக்காததும் இதனால்தான். மாடி ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை வேறு எந்தக் கருவிக்கும் தரப்படாத ஒன்றாக, எடுத்துக்காட்டாக 192.168.1.2 என்று, மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்திய பிறகே கேபிளை வெளி இணைப்புக்கான வான் போர்ட்டிலிருந்து எடுத்து, வீட்டு இணைப்புக்கான லேன் போர்ட்டில் செருகுங்கள். கேபிளை முதலில் மாற்றிவிட்டால் இரண்டு ரூட்டர்களும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கத் தொடங்கி, வீடு முழுவதும் இணையம் தடுமாறும்.

மறுமொழி (மேலூர்)

கடவுச்சொல் பற்றி நான் சொல்கிறேன். அந்த நான்கு இலக்கப் பின் எண் உங்கள் டெஸ்க்டாப்பின் முன் அமர்ந்து உள்ளே நுழைவதற்கு மட்டுமே உரியது. நெட்வொர்க் வழியாக அது செல்லாது. இரு கணினிகளிலும் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேராத ஓர் உள்ளூர்க் கணக்கை, கடவுச்சொல்லுடன், பகிர்வுக்கென்றே உருவாக்கிக்கொள்ளுங்கள். கடவுச்சொல் பாதுகாப்பையே நீக்கிவிடும்படி யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே தடுக்கப்பட்டிருப்பதால், அது பலன் தருவதும் நிச்சயமில்லை.

கேள்வி கேட்டவர்

இரண்டையும் செய்தேன். மாடிக் கணினிக்கு இப்போது 192.168.1.7 கிடைத்திருக்கிறது, அங்கிருந்து கீழ்க் கணினி திறக்கிறது. ஆனால் கீழிருந்து மேலே இன்னமும் பாதை கிடைக்கவில்லை என்றே வருகிறது.

மறுமொழி (திருமங்கலம்)

ரூட்டர் அமைப்பு மாறியதால் மடிக்கணினி இதைப் புதிய நெட்வொர்க்காகக் கருதி, ‘பப்ளிக்’ வகையில் சேர்த்திருக்கும். பேருந்து நிலைய வைஃபையில் இருப்பதுபோல எண்ணிக்கொண்டு, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் பகிர்வை அடைத்துவிடும். வைஃபை அமைப்பில் உங்கள் இணைப்பைத் திறந்து ‘ப்ரைவேட்’ என்று மாற்றுங்கள். பிறகு கீழ்க் கணினியின் முகவரிப் பட்டையில் \\192.168.1.7 என்று நேரடியாக இட்டுப் பாருங்கள். பக்கப் பட்டியலில் கணினியின் பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். அந்தப் பட்டியலை நான் நம்புவதே இல்லை.

கேள்வி கேட்டவர்

திறந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் திருத்தம் செய்தால் சேமிக்க மறுக்கிறது.

மறுமொழி (மேலூர்)

பகிர்வு அனுமதி ‘ரீட்’ அளவில் நிற்கிறது. பகிர்வு அனுமதி ஒன்று, அதே ஃபோல்டரின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் உள்ள அனுமதி மற்றொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இவற்றில் எது குறைவோ அதுதான் செல்லுபடியாகும். எனவே நீங்கள் உருவாக்கிய கணக்கைச் சேர்த்து, முதலாவதில் ‘சேஞ்ச்’, இரண்டாவதில் ‘மாடிஃபை’ கொடுக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். ‘ஃபுல் கண்ட்ரோல்’ தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

மணமகன் பெயரில் விடுபட்டிருந்த ஒற்றெழுத்தைக் கீழிருந்தே சேர்த்துச் சேமித்து, அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.