பாசிக்குடா பக்கம் மூழ்கின கப்பல்ல இவ்வளவு மீன் எப்படி?

பண்டாரவளை_பையன்
வணக்கம் எல்லாருக்கும். ஆகஸ்ட் லீவுக்கு வீட்டாளுங்களோட பாசிக்குடா போறோம், பதுளை பிபிலை செங்கலடி ரோட்ல வேன்ல. அங்க கடலுக்குள்ள கிடக்குற பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பல் வீடியோ ஒன்னு யூடியூப்ல பாத்தேன், 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்டு மூழ்கடிச்ச எண்ணெய்க் கப்பலாம், இப்ப துரு மேல கலர் கலரா என்னென்னவோ வளந்து பாரை மீன் கூட்டமா சுத்துது. வெறும் இரும்புல எப்படிங்க இவ்வளவு உயிர் வந்து சேருது? கண்ணாடி மாட்டிக்கிட்டு மேல மிதந்தே பாக்கலாமா? நமக்கு நீச்சல்னா ஆத்துல குளிச்ச அளவுதான்.

சீசன்_போட்காரன்
மேல மிதந்து பாக்குற கதையே இல்ல தம்பி, அது 24 மீட்டர் ஆழத்துல ரெண்டா உடைஞ்சு கிடக்கு. சிலிண்டர் கட்டி கோர்ஸ் முடிச்சவங்கதான் இறங்கலாம். நான் லுணுகலை ஆளு, சீசனுக்கு மட்டும் இங்க போட்ல வேலை. அதே நாள், ஏப்ரல் 9, மூழ்கின ஹெர்மிஸ்ங்குற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் இன்னும் மோசம், 53 மீட்டர், சாதாரண டைவருக்கு எல்லையே 40 தான். சார்ஜன்ட்ல கலவா, செப்பிலி, சீலா எல்லாம் இருக்கும், லயன் ஃபிஷ் மட்டும் பாத்து, முள்ளுல விஷம்.

தலவாக்கலை_பயோ_சேர்
சுத்திவர வெறும் மணல், அதான் விஷயமே. பவளம், சிப்பி, கடற்பஞ்சு எல்லாத்தோட குஞ்சும் தண்ணில மிதந்து திரியுது, ஒட்டிக்கிட ஒரு கெட்டியான இடம் கிடைக்காட்டி செத்துப் போயிரும். மூடிப்போட்ட பழைய தேயிலை ஃபெக்டரி சுவத்துல மொதல்ல பாசி, அப்புறம் பன்னம், கடைசில ஆலங்கன்னுன்னு வருதுல்ல, அப்படித்தான் இங்கயும், மொதல்ல பக்டீரியா வழுவழுப்பு, அது மேல கொட்டலசு (ஓட்டோட ஒட்டிக்கிற சின்ன உயிரி), சிப்பி, அப்புறம் பஞ்சும் மென்பவளமும். நீரோட்டம் நல்லா அடிக்கிற உச்சிப் பக்கத்துலதான் இதுங்க அடர்த்தியா இருக்கும், ஏன்னா இதுங்க இரைய தேடிப் போறதில்ல, தண்ணி கொண்டு வர்றத வடிச்சு திங்குது. உள்ள இருட்டுல கூட ஆரஞ்சு கலர் பவளம் ஒன்னு வளரும், அதுக்கு வெளிச்சமே வேணாம். சின்ன மீன் ஒளிய ஓட்டை இருக்கு, அதத் திங்க பெருசு வெளிய காவல் நிக்குது. மரக்கப்பலா இருந்தா இவ்வளவு காலம் தாங்காது, வெப்பக் கடல்ல கப்பல் புழு அரிச்சே முடிச்சிரும், மண்ணுக்குள்ள புதைஞ்ச பகுதிதான் தப்பும்.

மஸ்கெலியா_மழை
சேர் சொல்றது சரிதான், ஆனா கப்பல் விழுந்தாலே கடலுக்கு நல்லதுன்னு எடுத்துக்காதீங்க. பசிபிக்ல பால்மைரா தீவுல 1991ல ஒரு மீன்பிடிக் கப்பல் பவளப்பாறை மேலயே ஏறிக் கிடந்துச்சு, அந்தத் தண்ணில இயற்கையா இரும்புச்சத்து ரொம்பக் கம்மி, துரு கரைஞ்சதும் பவளம் மாதிரியே இருக்குற வேற ஒரு உயிரி கண்டபடி பரவி உண்மையான பவளத்த மூடிருச்சு, கடைசில 2013ல கப்பலையே வெட்டி எடுக்க ஆரம்பிச்சாங்க. மணல்ல விழுறது வேற, பாறைல விழுறது வேற. 2021ல கொழும்புக்கு வெளிய எரிஞ்ச எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் ஞாபகம் இருக்குல்ல, கரை முழுக்க பிளாஸ்டிக் மணி. இன்னொன்னு, கப்பல்கிட்ட காணுற மீன் எல்லாம் அங்கயே பெருகினதா, அக்கம்பக்கத்துல இருந்து வந்து கூடினதாங்குறதுல விஞ்ஞானிகளுக்குள்ளயே இன்னும் சண்டை. கூடினதுதான்னா வலைக்காரனுக்குத்தான் லாபம்.

பண்டாரவளை_பையன்
நன்றி சேர், நன்றி அண்ணே. தங்கச்சி ஏ/எல் பயோ, இத வாசிச்சிட்டு டைவிங் கோர்ஸ் வேணும்னு நிக்கிறா. எது செய்யணும்?

சீசன்_போட்காரன்
ஓபன் வாட்டர்ங்குற மொதல் கோர்ஸ் 18 மீட்டர் வரைக்கும்தான், சார்ஜன்டோட அடி வரைக்கும் போக அடுத்த கோர்ஸ் அட்வான்ஸ்டும் வேணும், அது 30 வரைக்கும். மொதல்ல நீச்சல் பழகட்டும். செப்டம்பர் தாண்டினா இந்தப் பக்கம் கடல் குழம்பிரும், அதுக்குள்ள வாங்க.