ஈரப் புல்லில் பிரேக் பிடித்தும் விமானம் ஏன் நிற்கவில்லை?

கல்லடி வாசி:
மாமியின் மகன் இங்கிலாந்தில் போன வருடம் விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தவன். போன கிழமை செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்றில் 600 மீற்றர் புல் ஓடுபாதையில் இறங்கி, நிற்காமல் போய் வேலியில் முட்டிவிட்டான். ஒரு கீறல்கூட இல்லை, கடவுள் காப்பாற்றினார், புரொப்பெல்லர்தான் மடங்கிவிட்டது. பிரேக்கை முழுசாக அமத்தினானாம். மாமி இங்கே இரவெல்லாம் அழுகிறா, பிரேக் இல்லாத பிளேனைக் கொடுத்துவிட்டார்கள் என்று. அனுப்பின போட்டோவில் புல் இரண்டு கோடாகப் படுத்துக் கிடக்கிறது, மண் கிளறவேயில்லை. பிரேக் பிழையா?

ஏறாவூர் தம்பி:
இல்லை அண்ணன், அந்தக் கோடுதான் சாட்சி. பிரேக் பிடித்துச் சக்கரம் இறுகி, உருளாமல் வழுக்கியிருக்கிறது. நானும் இதே விமானத்தில்தான் பழகினேன். அதில் 172எஸ் என்ற வகையின் கையேட்டில் 50 அடி உயரத்திலிருந்து இறங்கி நிற்க 1335 அடி, சுமார் 407 மீற்றர், அதுவும் காய்ந்த தார்ப் பாதையில், 61 நொட் (மணிக்குச் சுமார் 113 கிலோமீற்றர்) வேகத்தில். காய்ந்த புல் என்றாலே தரையில் ஓடும் தூரத்தோடு 45 சதவீதம் கூட்டச் சொல்கிறது, ஈரம் என்றால் அதைவிட மோசம். வேகத்தையும் காற்றையும் கேட்டுப் பாருங்கள்.

சம்மாந்துறை விவசாயி:
விடியப் பனியில் வரம்புப் புல்லில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவனுக்கு இது விளங்கும். பிரேக்கை அமத்தினால் டயர் நிற்கும், சைக்கிள் நிற்காது.

கல்லடி வாசி:
கேட்டேன். இறங்க வரும்போது பாதைத் தொடக்கத்தில் 70 நொட், பின்னால் கொஞ்சம் காற்று, சக்கரம் பட்டது பாதிப் பாதை தாண்டி என்கிறான்.

ஏறாவூர் தம்பி:
அப்ப சரி. 61க்குப் பதில் 70 என்றால் பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பின்காற்று 2 நொட்டுக்கு 10 சதவீதம் தூரம் கூட்டும். அந்த வேகத்தில் இறக்கை இன்னும் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும், சக்கரத்தில் எடை குறைவு, பிரேக் எதைப் பிடிக்கும்? மூன்றில் ஒரு பங்குப் பாதைக்குள் சக்கரம் படாவிட்டால், பிரேக்கைத் தொடாமல் உடனே எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏறியிருக்க வேண்டும். பாதி தாண்டின பிறகு அதுவும் ஆபத்து. பயிற்றுநரோடு அதே பாதைக்குப் போய், ஓரத்தில் ஒரு மரத்தை அடையாளம் வைத்து, அதைத் தாண்டினால் ஏறுவது என்று பழகச் சொல்லுங்கள். மாமியிடம் பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று இண்டைக்கே சொல்லிவிடுங்கள்.