வேர்டுக்குள் போன வெக்டர் படம்: உங்களுக்கு என்ன ஆச்சு?

பொருநைக்காரி

ஆய்வேட்டுக்கான வரைபடம் அது. தாமிரபரணிப் படுகை, அதில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை. கூடப் படித்த தோழி போட்டுத் தந்த பிடிஎஃப். ஒரே ஒரு ஊர்ப்பெயரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். லிப்ரே ஆபீஸ் டிரா என்கிற வரையும் மென்பொருளில் திறந்து, நகர்த்தி, எஸ்விஜியாக (புள்ளிகளாக இல்லாமல் கோடும் வளைவுமாகச் சேமிக்கிற வெக்டர் பட வகை) எடுத்து வேர்டில் செருகி, பைண்டிங்கும் முடிந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “இந்தப் புள்ளி வட்டம் எதைக் குறிக்குதும்மா? குறிவிளக்கத்தில் இல்லையே. கொற்கைக்கு மட்டும் ரெண்டு இருக்கு. அகழாய்வுக் குழியா?”

“அது ஒற்றைக்கொம்பு சார்” என்றேன். இன்னொன்று ஐகாரம். பிடிஎஃப்பில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். டிரா அதை அப்படியே உரையாக எடுத்துக்கொள்ள, ஒட்டிக்கொள்ள முன்னால் எழுத்து இல்லாத கொம்பு தனக்கென ஒரு புள்ளி வட்டம் போட்டுக்கொள்கிறது. ஆதிச்சநல்லூரில் கொம்பும் இல்லை, ஐகாரமும் இல்லை, அதனால் தப்பித்தது. அகழாய்வு இடங்களுக்கு நாங்கள் வட்டம்தான் குறியாக வைத்திருந்தோம் என்பதால் அவர் கேட்டதில் தப்பே இல்லை.

வட்டத்தைப் பற்றி எல்லோரும் சிரித்தோம். சிவகளையை யாரும் கவனிக்கவில்லை. அங்கே ஐகாரம் முன்னால் இருந்த ககரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘சிவகைள’ ஆகிவிட்டது. வட்டம் கூட வரவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் இன்றைக்கும் அந்த ஊர் சிவகைளதான்.

கலர் பிளேட்

தங்கச்சி, இதுக்கெல்லாம் ஒரே பதில்தான். கர்வ். அதாவது எழுத்தை வெறும் வளைகோட்டு வடிவமாக மாற்றுவது. எழுத்தைக் கர்வ் ஆக்காமல் எந்த ஃபைலையும் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பவே கூடாது. சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸுக்கு வருகிற முதல் நாளே பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான். வரையும் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை. கோரலில் கன்ட்ரோல் க்யூ. இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் ஷிஃப்ட் சி. முடிந்தது கதை.

என் அனுபவம் சின்னது. பள்ளிக்கூட ஆண்டு மலர். சின்னம் நீலக் கேடயம், உள்ளே வெள்ளை எழுத்து. திரையில் அருமையாக இருந்தது. அச்சடிக்கிற தகடு, அதுதான் பிளேட், எடுத்துப் பார்த்தால் கேடயம் மொழுக்கென்று நீலமாக நிற்கிறது, எழுத்தே இல்லை. முதலில் கறுப்பாக இருந்த எழுத்துக்கு யாரோ ஓவர்பிரின்ட் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது) கொடுத்துவிட்டு, அப்புறம் நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றியிருக்கிறார்கள். வெள்ளை என்றால் மை இல்லை. இல்லாத மையை நீலத்தின் மேல் அடித்தால் நீலம்தானே இருக்கும்! மிஷினில் ஏற்றுவதற்கு முன் கண்ணில் பட்டதால் தாளுக்குச் சேதம் இல்லை.

சரி, வேர்டு ஃபைலோடு வருகிறவர்களுக்குச் சில விஷயம். வேர்டில் ஒட்டின சின்னத்தைத் திரையிலிருந்து படம் பிடித்து அனுப்பாதீர்கள். டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப். பெயரின் வாலை மட்டும் ஜிப் என்று மாற்றித் திறந்தால் வேர்டு என்கிற ஃபோல்டருக்குள் மீடியா என்று ஒன்று இருக்கும். நீங்கள் செருகிய எஸ்விஜி அங்கே முழுசாகக் கிடக்கும். பக்கத்திலேயே அதே படத்தின் பிஎன்ஜி, அதாவது புள்ளிகளால் ஆன பிரதி, ஒன்றும் இருக்கும், அது எஸ்விஜி புரியாத பழைய வேர்டுக்காக அதுவே போட்டு வைப்பது. அதை எடுத்து அனுப்பிவிட்டு “வெக்டர்தான் அனுப்பினேன்” என்று எங்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அப்புறம் கறுப்பு. வேர்டின் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு, அதாவது திரைக்கான நிறக் கணக்கு. அதை அப்படியே அச்சின் நாலு மைக் கணக்கான சிஎம்ஒய்கே ஆக்கினால் நாலு பிளேட்டிலும் வந்து உட்காரும். பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தில் ‘ஞ’, ‘ணை’ எல்லாம் சுழியடைத்துப் போகும். எழுத்துக் கறுப்பு ஒற்றைக் கறுப்பாக இருக்கட்டும். கோட்டுக்கு ஹேர்லைன் வைக்காதீர்கள். வீட்டு பிரிண்டரில் தெரிகிற ஹேர்லைன், பிளேட் எடுக்கும் கருவியில் அதற்கு முடிந்த மிக மெல்லிய கோடாக விழும், அச்சில் தேடினாலும் கிடைக்காது. கால் பாயின்ட்டாவது கொடுங்கள். எங்கே விட்டேன்? ஆங், கர்வ்.

ஒற்றுப்பிழை

அண்ணே, நீங்கள் சொல்கிற கர்வ்வில்தான் நான் மாட்டினேன்.

கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க வேர்டு, பகுதித் தலைப்புகள் மட்டும் ஓவியர் வரைந்த படத்தோடு எஸ்விஜியாக வந்தன. ‘நினைவு கவிதைகள்’ என்று இருந்தது. க் போடச் சொன்னேன். ஓவியரிடம் கர்வ் ஆக்கிய ஃபைல் மட்டும்தான் இருக்கிறது. எழுத்து உள்ள மூலத்தை அதன் மேலேயே சேமித்துவிட்டார், எழுத்துரு பெயரும் நினைவில்லை. இங்க்ஸ்கேப்பில் அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் எழுத்து இல்லை, வளைகோடுகளின் முனைகள்தான் கொத்துக் கொத்தாக எழும்புகின்றன. கடைசியில் இன்னொரு பகுதித் தலைப்பிலிருந்து ஒரு க் வெட்டி எடுத்து, சுருக்கி, ‘வு’க்கும் ‘க’வுக்கும் நடுவில் செருகினார்கள். அது அடுத்த எழுத்துகளைவிடச் சற்றே மெலிந்து நிற்கிறது. சுருக்கினால் தண்டும் மெலியும் இல்லையா. வெளியீட்டு விழாவில் ஒருவர் வந்து, “அந்த க் மட்டும் ஏன் பட்டினி கிடக்குது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அச்சகத்துக்குக் கர்வ் அனுப்புங்கள், மறுக்கவில்லை. ஆனால் பொருநைக்காரியின் வேலை ஆய்வேடு. அந்த பிடிஎஃப்பில் யாராவது ‘கொற்கை’ என்று தேடினால் கிடைக்க வேண்டாமா? கர்வ் ஆக்கிய பெயரைத் தேடவும் முடியாது, திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறவருக்கு அது வெறும் கோலம்.

கலர் பிளேட்

மூலத்தின் மேலேயே சேமித்தது கர்வ்வின் குற்றமா தம்பி? ரெண்டு ஃபைலாக வைக்க வேண்டும். எங்களிடம் எப்போதும் ரெண்டு இருக்கும்.

ஏழாம் வகுப்பு பி

கணக்கு ஆசிரியர். வினாத்தாள் வேர்டில், படங்கள் இங்க்ஸ்கேப்பில். முக்கோணம், கோணமானி, அளவுகோல் எல்லாம் நானே வரைந்து வைத்த பழைய ஃபைல்கள்.

“கீழுள்ள கோட்டுத்துண்டை அளந்து எழுதுக.” விடை 8 செ.மீ. தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் ஸ்கேலோடு எழுந்து வந்தாள். “சார், ஏழரைதான் வருது.” பின்னாலிருந்து இன்னொருத்தன், “எனக்கும் ஏழரை சார்.” வகுப்பு முழுக்க ஏழரை. பக்கத்து அறைத் தமிழாசிரியர் இதைக் கேட்டுவிட்டு அன்று மாலை வரை, “சனி எப்ப சார் விலகும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

8க்கு ஏன் சரியாக 7.5 வந்தது என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இங்க்ஸ்கேப் 0.92க்கு முன்னால் வரை ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கு வைத்திருந்தது. 2017இல் வந்த 0.92இலிருந்து, இணைய உலாவிகளின் கணக்குப்படி 96. 90ஐ 96ஆல் வகுத்தால் 0.9375. எட்டால் பெருக்கினால் ஏழரை, பிசிறில்லாமல். பழைய ஃபைலைத் திறக்கும்போது, படம் திரையில் காட்டவா, தாளில் அச்சிடவா என்று அது கேட்கத்தான் செய்யும். பள்ளிக் கணினியில் ஃபைலைத் திறந்தவர் திரை என்று கொடுத்துவிட்டார். திரையில்தானே பார்க்கிறோம், நியாயம்தான்.

இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து வருகிற எஸ்விஜியில் இதைவிடப் பெரிய பள்ளம். அதில் அங்குலத்துக்கு 72, இங்க்ஸ்கேப்பில் 96. முக்கால் பங்காகச் சுருங்கும், 8 செ.மீ. கோடு 6 ஆகிவிடும். இரண்டு பக்கமும் அகலம், உயரத்தை மி.மீ. என்று எழுதி வைத்தால் இந்த வம்பு இல்லை. அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், எந்தப் படமானாலும் ஓரத்தில் ஒரு 10 செ.மீ. கோடு போட்டு முதல் பிரதியை ஸ்கேலால் அளந்துவிட்டுத்தான் மீதி அச்சு. எல்லோருக்கும் ஏழரை மதிப்பெண் கொடுக்கலாமா என்று தலைமையாசிரியர் கேட்டது தனிக்கதை.

வடமராட்சியான்

எங்கட பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. யூனிகோடுக்கு முந்திய பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு.

அம்மம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டியிருந்தது. எங்கட ஊரில் இதைக் கல்வெட்டு என்றும் சொல்வார்கள். வம்சாவளிப் படம் தாத்தாவின் கல்வெட்டுக்கென்று முன்பு ஒருவர் கோரலில் செய்து வைத்தது. அவரே அதை ஈஎம்எஃப் ஆக (விண்டோஸின் வெக்டர் பட வகை) எடுத்து அனுப்பினார். கனடாவில் இருக்கிற மாமா அதை வேர்டில் போட்டு, புதுப் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். திறந்து பார்த்தால் பெட்டிகள் எல்லாம் சரியான இடத்தில், கோடுகள் சரி, பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தன. பாமினியில் புள்ளி வைப்பது அரைப்புள்ளி விசையில்தான். எங்கட குடும்பத்தில் முக்கால்வாசிப் பெயர் ‘ன்’ அல்லது ‘ம்’ என்று முடியும், அதனால் பெட்டிக்குப் பெட்டி கடைசியில் ஓர் அரைப்புள்ளி. மாமா யூனிகோடில் புதிதாக அடித்த நாலைந்து சின்னப் பிள்ளைகளின் பெயர் மட்டும் நல்ல தமிழில் இருந்தது. பேத்தி பெயர் தமிழில், அம்மம்மா பெயர் அரைப்புள்ளியில்.

ஈஎம்எஃப்புக்குள் எழுத்துருவின் பெயர் மட்டும்தான் போகும், எழுத்துரு போகாது. மாமாவின் கணினியில் பாமினி இல்லை, வேர்டு தன்னிடம் இருந்த ஏதோ ஓர் ஆங்கில எழுத்துருவை மாட்டிவிட்டது. அந்த நேரத்தில் கர்வ் ஆக்கியிருந்தால் பெயர் தப்பியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற வேளை பழைய பெயர் ஒன்றைத் திருத்தவும் வேண்டியிருந்தது, அது முடிந்திராது. ஒற்றுப்பிழை சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பாமினியை யூனிகோடுக்கு மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் உண்டு. ஒவ்வொரு பெட்டியாக வெட்டி, மாற்றி, ஒட்டினோம். சித்தி பக்கத்தில் இருந்து, “இது ஆர்? இது ஆர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தா. அவாவுக்குத் தெரியாத ஆட்களும் அதில் இருந்தார்கள்.

மழைமானி

பொருநைக்காரி, பிடிஎஃப்பைத் திருத்தத்தான் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப்பில் பாப்ளர்/கெய்ரோ என்கிற இறக்குமதி வழியாகத் திறந்திருக்கலாம். எழுத்து வடிவமாக வரும், கொம்பு விலகாது. ஆனால் அதுவும் கலர் பிளேட் அண்ணனின் கர்வ்தான், தேட முடியாது. தோழியிடம் மூல ஃபைலைக் கேட்டு எஸ்விஜியாகவே வாங்குவதுதான் வழி.

எனக்கு இது மேட்பிளாட்லிப்பில், பைத்தான் நிரலில் வரைபடம் போடுகிற கருவி. ‘மழையளவு’ என்று வரைபடத்தின் அச்சுக்கு (ஆக்ஸிஸ்) பெயர் வைத்தால், ஐகாரம் ‘ழ’வுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. நான் வைத்திருந்த பதிப்புக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது, வரிசையாக அடுக்கி வைத்துவிடும். அதோடு எஸ்விஜியாகச் சேமிக்கும்போது எழுத்தை அது தானாகவே வளைகோடு ஆக்கிவிடுகிறது, பிழையையும் சேர்த்து. svg.fonttype என்பதை, மன்னிக்கவும், எஸ்விஜி ஃபான்ட்டைப் என்கிற அமைப்பை ‘நன்’ (none) என்று வைத்தேன். எழுத்து எழுத்தாகவே ஃபைலுக்குள் போனது. இங்க்ஸ்கேப்பில் திறந்ததும் ‘மழையளவு’ தானாகச் சரியாக நின்றது. ஒரு நொடி நம்பவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பொருநைக்காரி

மழைமானி, மூலம் அவளிடமும் இல்லை. மடிக்கணினி போய்விட்டது. அதனால்தான் பிடிஎஃப்.

தலைப்பெழுத்து

என்னுடையதில் குற்றம் எழுத்திலும் இல்லை, படத்திலும் இல்லை.

அலுவலகத்தில் எல்லாக் கடிதத்துக்கும் ஒரே வார்ப்புரு. தலைப்பில் சின்னம் இபிஎஸ்ஸாக (அச்சுக்கான பழைய வெக்டர் பட வகை) இருந்தது. 2017 ஏப்ரல் பாதுகாப்புப் புதுப்பிப்போடு வேர்டு இபிஎஸ் செருகுவதை நிறுத்திவிட்டது, அந்த வகை ஃபைலுக்குள் தீங்கான நிரலை ஒளிக்க முடியும் என்பதால். சரி என்று இங்க்ஸ்கேப்பில் எஸ்விஜியாக மாற்றிக் கொடுத்தேன். செருகினால் பச்சையாக ஒரு கீற்று மட்டும் தெரிகிறது. சின்னத்தின் அடிவிளிம்பு. இழுத்துப் பெரிதாக்கினால் கீற்று அகலமாகிறது, உயரவே இல்லை. மேலாளர் அந்தக் கீற்றோடேயே இரண்டு கடிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார், புது வடிவமைப்பு என்று நினைத்து.

எஸ்விஜியைச் சந்தேகித்து ஈஎம்எஃப் ஆக்கினேன். கீற்று. பிஎன்ஜி ஆக்கினேன். அதே கீற்று. அப்போதுதான் பத்தியைப் பார்த்தேன். வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ 14 பாயின்ட் என்று வைத்திருந்தார்கள். வரிக்குள் வைத்த படம் எத்தனை உயரமானாலும் வேர்டு அந்த 14 பாயின்ட்டுக்கு மேல் காட்டாது. ‘சிங்கிள்’ என்று மாற்றியதும் முழுச் சின்னமும் எழுந்து நின்றது.

கலர் பிளேட்

அந்த இபிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. அடுத்த முறை லெட்டர்ஹெட் அடிக்க வரும்போது அதைத்தான் கேட்போம்.