மறு: மரச்சிறகில் ‘ஸ்பார்’: விட்டமா, உத்திரமா, பருமலா?

களுவாஞ்சிகுடித் தம்பி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். வீட்டு விறாந்தையில் நான் மரச்சிறகு ஒன்று கட்டிக்கொண்டிருப்பது சிலருக்குத் தெரியும். பறக்க அல்ல. பாடசாலைக் கண்காட்சியில் பாதிக்குத் துணி போர்த்தி, மீதியைத் திறந்தபடி வைக்கத்தான். மாதிரி, பெர்னார்ட் பீட்டன்போல் என்ற அமெரிக்கர் 1929இல் பறக்கவிட்ட ‘எயார் கேம்பர்’. ஃபோர்ட் கார் எஞ்சினில் பறந்த விமானம், இன்றைக்கும் ஆட்கள் வீட்டில் வைத்துக் கட்டுகிறார்கள். வரைபடத்தில் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் போடவேண்டும். சிறகுக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு ‘விலா’ என்று போட்டுவிட்டேன். அந்த விலாக்களைக் கோத்துக்கொண்டு, சிறகு விமான உடலோடு சேரும் அடியிலிருந்து நுனிவரை ஓடும் நீள மரம் இருக்கிறதே, ‘ஸ்பார்’, அதில்தான் நிற்கிறேன். ‘விட்டம்’ சரிவருமா?

கல்முனைக் காக்கா எழுதியது:

தம்பி, விட்டம் என்று போட்டால் “முன் விட்டத்தில் 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை இடுக” என்று எழுத வரும். பிள்ளைகள் கணிதப் பாடத்தில் படித்த விட்டம் வேற. உத்திரம் என்று போடுங்கோ, வீடு கட்டின எல்லாருக்கும் தெரிஞ்ச சொல். மரம் என்ன? முதிரை என்றால் நூறு வருசத்துக்கு நிற்கும்.

காரைதீவு டீச்சர் எழுதியது:

விலா என்று எடுத்தால் மற்றது முதுகுத்தண்டுதானே? எங்கட ஊர் விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். அந்தக் காலத்துப் பட்டியல்களில் ஏதாவது கிடைக்காதா?

கல்லடியிலிருந்து நான்:

டீச்சர், அந்தப் பட்டியல்கள் பாடசாலைப் பாடங்களுக்காகச் செய்தவை. விமானம் கட்டும் பட்டறைச் சொல்லை அங்கே தேடுவது நியாயமில்லை. முதுகுத்தண்டும் வேண்டாம். தம்பியின் சிறகில் அந்த மரம் இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு முதுகுத்தண்டு உள்ள பிராணியைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

காக்காவின் உத்திரத்தை அவ்வளவு லேசாகத் தள்ள ஏலாது. ஆனால் உத்திரம் இரு முனையிலும் சுவரில் தங்கும், பாரம் மேலிருந்து இறங்கும். முறிந்தால் பெரும்பாலும் நடுவில் முறியும். சிறகு மரத்துக்கு ஒரு முனைதான் பிடி, மற்றது அந்தரத்தில். பாரம் கீழிருந்து மேலே தூக்கும். அதனால் முறிவு ஆபத்து முழுக்க அடியில்.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் 450 கிலோ, சாய்கால் (சிறகையும் உடலையும் சாய்வாக இணைக்கும் கால்) எதுவும் இல்லாத சிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வகை விமானத்துக்கு வழமையாக எடுக்கும் பார எல்லை அதன் எடையைப்போல் 3.8 மடங்கு, ஆக 1710 கிலோ பாரம். ஒரு பக்கச் சிறகுக்கு 855. சிறகின் நீளம் 4 மீற்றர், தூக்குவிசை சீராகப் பரவுகிறது என்றால் அதன் மையம் 2 மீற்றரில். அடியில் விழும் வளைவுத் திருப்பம், அதாவது பாரத்தைத் தூரத்தால் பெருக்கியது, 1710 கிலோ-மீற்றர். இந்த நீள மரத்தை மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம் வைத்துக் கட்டியிருக்கிறது என்போம். அந்த இடத்தில் இரண்டுக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் இருந்தால், மேல் சட்டத்தை நெருக்கும் விசையும் கீழ்ச் சட்டத்தை இழுக்கும் விசையும் தனித்தனியே 11 தொன்னுக்கு மேல். இதன்மேல் பாதுகாப்புக்காக இன்னும் ஒன்றரை மடங்கு. மரம் நாரோட்டத்தின் வழியே இழுவையைத் தாங்கும் அளவுக்கு நெருக்கலைத் தாங்காது. அதனால்தான் இப்படிப்பட்ட சிறகுகளில் மேல் சட்டத்தைத் தடிப்பாக வைக்கிறார்கள். உத்திரம் என்று பெயர் வைத்தால், பார்க்கிற பிள்ளை சுவரைத் தேடும். இந்த மரத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று நான் நிற்பது அதனால்தான்.

என் முன்மொழிவு ‘பருமல்’. பாய்க்கப்பலில் பாயைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் மரத்துக்குத் தமிழில் இருந்த பெயர் அது. ஆங்கிலக்காரரும் ஸ்பார் என்பதைப் பாய்க்கப்பலில் இருந்துதான் விமானத்துக்கு எடுத்தார்கள். அவர்களைப் பார்த்து எடுக்கவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டிலும் வேலை ஒன்றாக இருக்கிறது: துணியில் படும் காற்றின் விசையை நீள மரம் ஒன்று வாங்கி உடலுக்குக் கொண்டுபோகிறது. கூட்டுச் சொற்களும் இலகுவில் பிறக்கும். முன்பருமல், பின்பருமல், பெட்டிப்பருமல், பருமலடி, பருமல்நுனி. விட்டத்தையும் உத்திரத்தையும் போல வேறு பொருள் குறுக்கே வந்து நிற்காது.

முதிரை பற்றி: காக்கா, வீட்டுக் கதவுக்கு அது ராசா. விமானக்காரர் தேடும் சிற்கா ஸ்புரூஸ் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 430 கிலோ. முதிரை அதைப்போல் இரண்டு மடங்கு பாரம். அது மட்டுமல்ல, நாரோட்டம் நேராக ஓடவேண்டும். 15 அங்குல நீளத்தில் நார் 1 அங்குலத்துக்கு மேல் விலகினால் அந்தப் பலகை பருமலுக்கு ஆகாது. முதிரையில் அந்த நேர் ஓட்டம் கிடைப்பது கஷ்டம்.

கல்முனைக் காக்கா எழுதியது:

கணக்கு விளங்குது. ஆனால் பருமல் என்று இப்ப எங்கட கரையில யார் சொல்றாங்க? போட் எல்லாம் ஃபைபர், எஞ்சின் போட்டு ஓடுது. பாயும் இல்ல, பருமலும் இல்ல. செத்த சொல்லை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போறீங்களா?

கல்லடியிலிருந்து நான்:

காக்கா, வீட்டு மரவேலை செய்பவரை நீங்கள் இன்றும் ஓடாவி என்றுதானே கூப்பிடுகிறீர்கள்? ஓடம் கட்டுபவருக்கு இருந்த பெயர் அது. அவர் ஓடத்தை விட்டுக் கதவு, யன்னலுக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. நாளாந்தப் பேச்சில் இல்லாத சொல் என்பது இங்கே வசதி. கண்காட்சியில் பிள்ளை முதன்முதல் கேட்கும்போது இந்த மரத்தைத் தவிர வேறு எதுவும் மனதில் வராது.

விலாவை நான் மாற்றச் சொல்லவில்லை. கப்பலில் அதற்கு ‘வங்கு’ என்ற சொல் உண்டு. ஆனால் வங்கு என்றால் பொந்து என்ற நினைப்புத்தான் முதலில் வரும். விலா நன்றாகவே இருக்கிறது, விட்டுவிடுவோம்.

சாய்கால் என்று மேலே எழுதினேன். அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். சிலர் ‘முட்டுக்கால்’ என்று எழுதுகிறார்கள். எயார் கேம்பர் போல மேலே சிறகு வைத்த விமானத்தில் அந்தக் கால் நிலத்தில் நிற்கும்போதுதான் முட்டுக் கொடுக்கிறது. பறக்கும்போது சிறகை மேலே போகவிடாமல் கீழே இழுத்துப் பிடிக்கிறது. சாய்கால் என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

காரைதீவு டீச்சர் எழுதியது:

சரி, பருமலுக்கு என் வாக்கு. போர்த்துவதற்கு மருதமுனைக் கைத்தறி எடுத்தால் என்ன? நம்ம பக்கத்துத் துணியாகவும் இருக்கும்.

கல்லடியிலிருந்து நான்:

கண்காட்சிக்கு நல்ல யோசனை டீச்சர். உண்மையான விமானம் என்றால் பருத்தித் துணிக்கு அங்குலத்துக்கு 80 இழைக்குக் குறையாத நெசவு வேண்டும், ஓர் அங்குல அகலத் துண்டு 80 இறாத்தல் இழுவையைத் தாங்கவேண்டும் என்று கணக்கு உண்டு. மேலே ஒரு பூச்சு, அது காயும்போது துணியைச் சுருக்கி இறுக்கும். தம்பி, சாயம் போடாத துணியாக எடுங்கோ. உள்ளே விலாவின் நிழல் தெரிந்தால் பிள்ளைகளுக்கு விளக்க இலகு.

களுவாஞ்சிகுடித் தம்பி எழுதியது:

முன்பருமல், பின்பருமல் என்று வரைபடத்தில் எழுதியாச்சு. என்னிடம் உள்ள பைன் பலகை நீளம் காணாது, இரண்டு துண்டைச் சாய்வாகச் சீவி ஒட்டவேண்டும். தடிப்பு 20 மில்லிமீற்றர். ஒன்றுக்குப் பன்னிரண்டு சாய்வு என்று கைநூலில் இருக்கிறது, ஆக 240 மில்லிமீற்றர் நீளத்துக்குச் சீவவேண்டும். இந்தப் பொருத்துக்கு எங்கட ஓடாவி ‘சாய்வெட்டு’ என்றார். அதையே எடுத்துக்கொள்கிறேன், யாருக்கும் மறுப்பு இல்லாவிட்டால்.

சிறகின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் ‘ஏலரன்’ துண்டுக்கு வேறு மடல் போடுறன். அதுக்குள்ள யாரும் ‘சிறகடிப்பான்’ என்று எழுதிவிடாதீங்கோ. அது விமானத்தை ஒரு பக்கம் சரிக்கத்தான், அடிக்க அல்ல.