காயர் மெத்தையில் சிறுநீர் வாடை: வெயிலில் போகிறது, மழை வந்தால் திரும்புகிறது. உதவி தேவை

வேளச்சேரி வாசகி

வணக்கம். 5 அங்குல மெத்தை. கீழே 4 அங்குலம் காயர் (தேங்காய் நார்), மேலே 1 அங்குலம் ஃபோம், அதன்மேல் பூவேலை தையல் போட்ட துணி. ஜிப் கிடையாது. வாங்கி 2 வருடம் ஆகிறது. 4 வயதுப் பையன் போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று இரவு நனைத்துவிட்டான். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே இடம்.

இதுவரை செய்தது: வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகப் போட்டு, நுரைத்ததும் துடைத்தேன். மறுநாள் கிருமிநாசினி கலந்த தண்ணீர் அரை வாளி ஊற்றித் தேய்த்தேன். பிறகு மொட்டை மாடியில் 5 மணி நேரம் வெயில். வாடை போனது போலத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் திரும்ப வந்துவிட்டது, ராத்திரியில் இன்னும் அதிகம். கூடவே டீ சிந்தியது போல ஒரு பழுப்பு வளையமும் வந்திருக்கிறது. கட்டில் அடியில் பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டில். பிளைவுட் மேல் ரெக்சின் விரித்து அதன்மேல் மெத்தை. தூக்கிப் போடாமல் காப்பாற்ற வழி இருக்கிறதா?

பஞ்சுப்பட்டறை

அந்தப் பழுப்பு வளையம் முழுக்கச் சிறுநீர்க் கறை இல்லை, சகோதரி. தேங்காய் நாரில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. நாரை நனைத்தால் டீத்தண்ணி மாதிரி சாயம் இறங்கும். நீங்கள் ஊற்றிய அரை வாளி தண்ணீர் காயர் வரைக்கும் போய், காயும்போது அந்தச் சாயத்தை மேலே துணிக்கு இழுத்து வந்திருக்கிறது. சிறுநீர்க் கறை மஞ்சளாக, ஓரம் மட்டும் அடர்த்தியாக இருக்கும். காயர் கறை செம்பழுப்பாகப் பரவி நிற்கும்.

இதிலிருந்து தெரிவது, திரவம் 1 அங்குல ஃபோமைத் தாண்டிவிட்டது. மேலே என்ன தடவினாலும் கீழே இருப்பது அப்படியே இருக்கும். முதலில் மெத்தையைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். கறை உண்டா, கரும்புள்ளி உண்டா, மூக்கை வைத்தால் வாடை எவ்வளவு என்று சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் வழி.

கெமிஸ்ட்ரி டீச்சர்

வாடை ஏன் திரும்புகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எப்போது போடுவது என்பது புரியும்.

சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா வரும். மூக்கைத் துளைக்கும் முதல் வாடை அதுதான். வினிகர் அமிலம் என்பதால் அமோனியாவைக் கட்டிவிடும், அதனால் உடனே பலன் தெரியும். ஆனால் யூரிக் அமிலம் என்று இன்னொன்று உண்டு. அது தண்ணீரில் லேசில் கரையாது, வினிகர் போன்ற அமிலத்தில் இன்னும் குறைவாகவே கரையும். காய்ந்து துகளாக நாரிலும் ஃபோமிலும் ஒட்டிக்கொள்ளும். கூடவே தங்கிவிடும் உப்புகள் காற்றிலிருந்து ஈரம் இழுப்பவை. மழைக்காற்றோ, படுப்பவரின் உடல் சூடும் வியர்வையுமோ பட்டால் பழையபடி கிளம்புகிறது.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலப்பதில் பயன் இல்லை. நுரை பெரிதாகத் தெரியும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு சோடியம் அசிடேட்டும் தண்ணீரும்தான் மிஞ்சும். யூரிக் அமிலத்தை உடைக்க நொதி (என்சைம்) திரவம் வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் நாய், பூனை சிறுநீர் வாடைக்கு என்று விற்பார்கள். லேபிளில் ‘என்சைம்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் வாசனைத் திரவமும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

மாடித்தோட்டம்

இதற்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினால் ஒரே நாளில் முடியுமே?

கெமிஸ்ட்ரி டீச்சர்

தயவுசெய்து வேண்டாம். சிறுநீரின் அமோனியாவோடு குளோரின் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும், மூச்சுக்குழலை எரிக்கும். மெத்தைக்குள் தங்கியதைக் கழுவி வெளியேற்றவும் முடியாது. குழந்தை முகம் வைத்துப் படுக்கும் இடம் அது. ஏற்கெனவே வினிகர் ஊறிய மெத்தையில் பிளீச் பட்டால் குளோரின் வாயுவும் சேரும். மெத்தைக்கும் கேடுதான், ரப்பரையும் ஃபோமையும் பிளீச் பொடியாக்கிவிடும்.

வேளச்சேரி வாசகி

கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மங்கலான கறை, வாடை லேசாக. கரும்புள்ளி இல்லை. ரெக்சின் மேல் பக்கம் தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்கிறது.

பஞ்சுப்பட்டறை

கரும்புள்ளி இல்லை என்றால் காப்பாற்றலாம். ரெக்சினை இன்றே எடுத்துவிடுங்கள், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மழை விட்டு இரண்டு நாள் இடைவெளி கிடைக்கும்போது தொடங்குங்கள். இல்லையென்றால் ஏசி உள்ள அறையில் டிரை மோடில் வைத்துச் செய்யுங்கள். நனைப்பது சுலபம், காயவைப்பதுதான் வேலை.

முதலில் பழைய கிருமிநாசினி போக வேண்டும். அது உள்ளே இருந்தால் நொதி திரவத்தில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். சோப்பு சேர்க்காத குளிர்ந்த தண்ணீர் ஒரு டம்ளர் ஸ்ப்ரே பாட்டிலில் அடித்து, மடித்த பருத்தித் துண்டை வைத்து முழங்காலால் அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கறை பக்கவாட்டில் ஓடும். துண்டு மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை. சோபா கழுவ வருகிறவர்களிடம் தண்ணீர் உறிஞ்சும் இயந்திரம் இருக்கும். கூப்பிட்டால், ஷாம்பு நுரை போடாமல் உறிஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு நொதி திரவம். அளவில்தான் பலரும் தவறுகிறார்கள், மேலே இரண்டு முறை அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். சிறுநீர் போன ஆழத்துக்கு இதுவும் போக வேண்டும். குழந்தையின் வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் சிறுநீர்ப்பை கொள்ளளவு ஏறக்குறைய மி.லி.-யில் கிடைக்கும். 4 வயதுக்கு 180. ஆகவே 200 மி.லி. எடுத்து, கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஊசி கழற்றிய 20 மி.லி. சிரிஞ்சால் இரண்டு விரல் இடைவெளியில் சிறிது சிறிதாக விட்டு, விட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டே வாருங்கள். அடிப்பக்கக் கறைக்குத் தனியாக 50 மி.லி. போதும்.

மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி 8 மணி நேரம் விடுங்கள். லேபிளில் வேறு நேரம் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஈரம் இருக்கும்வரைதான் நொதி வேலை செய்யும், காய்ந்ததும் நின்றுவிடும். இந்த நேரத்தில் வாடை கொஞ்சம் கூடலாம், பயப்பட வேண்டாம்.

பிறகு தாளை எடுத்து, துண்டால் அழுத்தி உறிஞ்சிவிட்டு, மெத்தையை நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் காற்று படுகிற மாதிரி டேபிள் ஃபேன், 24 முதல் 36 மணி நேரம். வெயில் கிடைத்தால் காலை 9-லிருந்து 11 வரை, மேலே வெள்ளை வேட்டி போர்த்தி வையுங்கள். மதிய வெயிலில் மணிக்கணக்காகப் போடாதீர்கள். காயர் நாரை ஒன்றாகப் பிடித்திருப்பது ரப்பர் பால். வெயிலில் அது இறுகி உதிரத் தொடங்கினால் மெத்தை நடுவில் பள்ளம் விழும். முழுக்க ரப்பர் நுரையாலான லேடெக்ஸ் மெத்தையானால் அந்த இரண்டு மணி நேர வெயில்கூட வேண்டாம், நிழல் மட்டும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். நாலாக மடித்த டிஷ்யூவை வைத்து, மேலே ஒரு கனமான அகராதியை 10 நிமிடம் ஏற்றுங்கள். டிஷ்யூ துளி ஈரமாக இருந்தாலும் இன்னொரு நாள் ஃபேன்.

தேனி_தங்கை

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். ஊரில் அப்பா அம்மாவிடம் இலவம்பஞ்சு மெத்தை. ஓடு ஒழுகி ஒரு பக்கம் நனைந்து கட்டி தட்டிவிட்டது. இதற்கும் இதே முறைதானா?

பஞ்சுப்பட்டறை

இல்லைம்மா, இதற்கு எந்தத் திரவமும் வேண்டாம். இலவம் இழை உள்ளே கூடாக, காற்று நிறைந்த குழாய் மாதிரி இருக்கும். வெளியே மெழுகுப் பூச்சு. அதனால்தான் முன்பு கப்பல்களில் மிதவை உடைக்கு இந்தப் பஞ்சை அடைத்தார்கள். சோப்புத் தண்ணீர் அந்த மெழுகைக் கெடுத்துவிடும். கட்டி தட்டிய பக்கத்துத் தையலை மட்டும் பிரித்து, நனைந்த பஞ்சை வெளியே எடுங்கள். பாயில் பரப்பி மேலே பழைய கொசுவலையைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்தது தெரு முழுக்கப் பறக்கும். முகமூடி கட்டாயம். உச்சி வெயில் இதற்கு நல்லது. மூன்று நாள் வெயில், தினம் இருமுறை வலைமேல் மெல்லிய குச்சியால் தட்டி உதிர்ப்பது. கறுத்ததும் பூசண வாடை அடிப்பதும் தனியே எடுத்து எறியுங்கள். நசுங்கிய இழை முழுதாக எழும்பாது, ஒன்றிரண்டு கிலோ புதுப் பஞ்சு சேர்க்க வேண்டியிருக்கும். உங்களுக்குப் போடிநாயக்கனூர் பக்கம்தானே, நல்ல பஞ்சு கிடைக்கும். வாங்கும்போது கை நிறைய அள்ளிப் பிழிந்து விட்டுப் பாருங்கள், உடனே எழும்ப வேண்டும். விதை நறநறக்கக் கூடாது.

வேளச்சேரி வாசகி

செய்தேன். இரண்டாம் நாள் டிஷ்யூ ஈரமாக இருந்தது, மூன்றாம் நாள் சுத்தமாகக் காய்ந்தது. நேற்று மழையிலும் வாடை இல்லை. பழுப்பு வளையம் மட்டும் நிற்கிறது. அதை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போடலாமா?

கெமிஸ்ட்ரி டீச்சர்

இப்போது போடலாம். நொதி வேலை முடியும் முன்னால் போட்டிருந்தால் அதைக் கெடுத்திருக்கும்.

மருந்துக்கடை பாட்டிலைப் பாருங்கள். ‘20 வால்யூம்’ அல்லது 6% என்று இருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து 3% ஆக்குங்கள். அதில் 240 மி.லி., ஆப்ப சோடா 3 மேசைக்கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு. சலவை சோடா வேண்டாம், காரம் அதிகம். கையுறை போட்டு, கலந்த உடனே பயன்படுத்துங்கள். மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். முதலில் மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தடவிப் பாருங்கள், நிறம் வெளுக்கக்கூடும். வளையத்தின் மேல் பனித்துளி மாதிரி மட்டும் அடித்து, தானாகக் காயவிட்டு, வெள்ளைப் பொடியை வாக்குவம் கிளீனரால் எடுங்கள். தொப்பலாக நனைத்தால் காயரிலிருந்து புதுச் சாயம் ஏறி வளையம் பெரிதாகும்.

பஞ்சுப்பட்டறை

இனி கட்டில். ரெக்சின் காற்றை அடைத்து வியர்வை ஈரத்தை மெத்தை அடியிலேயே நிறுத்துகிறது. கொஞ்சநாள் விட்டிருந்தால் பூசணம் பிடித்திருக்கும். காயருக்குள் பூசணம் போனால் மெத்தையை எறிவதுதான் வழி. தச்சரைக் கூப்பிட்டு, பிளைவுட்டில் சட்டம் இல்லாத இடமாகப் பார்த்து 8 அங்குலத்துக்கு ஒன்றாக 1 அங்குல ஓட்டை போடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் துணியைத் திணித்து நிரப்பாதீர்கள்.

மெத்தை மேலே டிபியு (TPU) என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் உள்ள நீர்புகா உறை போடுங்கள், நான்கு மூலையிலும் எலாஸ்டிக் உள்ளது. இரண்டு வாங்கினால் ராத்திரி நனைந்தாலும் உடனே மாற்றலாம். 40 டிகிரிக்கு மேல் வெந்நீர் வேண்டாம், துணி மென்மையாக்கி வேண்டாம், இஸ்திரி கூடவே கூடாது. படலம் உரிந்து இலை இலையாக வந்தால் உறை மாற்றும் காலம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்புங்கள். உங்கள் மெத்தையில் ஃபோம் ஒரு பக்கம் மட்டும், ஆகவே கவிழ்த்துப் போட வேண்டாம்.

5 வயதுக்குள் பையன்கள் ராத்திரி நனைப்பது சாதாரணம், அவனைத் திட்டாதீர்கள். அடுத்தமுறை நனைந்தால் உடனே துண்டு வைத்து அழுத்துங்கள். முதல் பத்து நிமிடத்தில் துண்டு எடுத்துக்கொள்வது காயர் வரை போகாது.